கோர்ட் அனுப்பும் ‘டைவர்ஷன்’ வகுப்பு: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பெற்றோருக்கு ஒரு மதிப்புரை

சேவை: தென்னாப்பிரிக்காவின் சிறார் நீதிச் சட்டப்படி கோர்ட் அனுப்பும் டைவர்ஷன் திட்டம்
யாருக்கு: 12 வயது நிரம்பி 18 ஆகாத பிள்ளைகளுக்கு
செலவு: டாக்சிக் காசு, பெற்றோர் வேலைக்குப் போகாமல் நிற்கும் நாட்கள்
மதிப்பெண்: வழக்கிலிருந்து மீட்பதற்கு 5-க்கு 4, கேங்கிலிருந்து மீட்பதற்கு 5-க்கு 2

பையன் பிடிபட்ட இரவில் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘யாரைப் பார்த்தால் வெளியே எடுக்கலாம்’ என்பதுதான். ஒரு அண்ணன் லாயர் பெயர் சொல்வார். ஒரு மாமா ஸ்டேஷனில் ஆள் தெரியும் என்பார். இந்த ஓட்டத்தில் சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு கண்ணில் படுவதில்லை. வழக்கைத் தீர்ப்பு வரை இழுக்காமல், தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்புவதுபோல், பிள்ளையை ஒரு திட்டத்துக்குத் திருப்பி அனுப்புவதே டைவர்ஷன். சாட்ஸ்வர்த்தும் ஃபீனிக்ஸும் இருக்கும் டர்பன் பக்கத்தில் இதை நடத்தும் எந்த ஒரு நிலையத்தையும் பெயர் சொல்லி இங்கே எடைபோடவில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அச்சில் கிடைக்கும் இந்தச் சேவைக்கே இந்த மதிப்புரை.

முதலில் சட்டப் பக்கம், ஏனென்றால் பலமெல்லாம் அங்கேதான். 2008-ஆம் ஆண்டின் 75-ஆம் எண் சிறார் நீதிச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 19 முதல் 12 வயது நிரம்பாத பிள்ளைமேல் வழக்கே போட முடியாது. அதற்கு முன்பு அந்த வரம்பு 10 ஆக இருந்தது. 12, 13 வயதுக்காரனுக்குச் சரி எது தவறு எது என்று தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். கைதானால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் முதல்கட்ட விசாரணை நடக்க வேண்டும். அதற்கு முன்பே ப்ரொபேஷன் ஆபீசர் (பிள்ளையின் நிலையை ஆராயும் அரசுச் சமூகப் பணியாளர்) பிள்ளையிடம் பேசி அறிக்கை எழுதுவார். டைவர்ஷன் கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பாதி அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. லாயருக்காக அலையும் பெற்றோர் ப்ரொபேஷன் ஆபீசர் வரும் நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போவதுதான் சாட்ஸ்வர்த் கோர்ட்டில் அடிக்கடி நடக்கும் முதல் பிழை. பள்ளிக்கூட ரிப்போர்ட், மருந்து ஏதாவது சாப்பிட்டால் அதன் சீட்டு, வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ளப்போகும் பெரியவரின் அடையாள அட்டை, இந்த மூன்றையும் கையில் வைத்திருங்கள்.

டைவர்ஷனுக்கு நிபந்தனைகள் உண்டு. செய்ததற்குப் பையன் பொறுப்பேற்க வேண்டும். யாரும் மிரட்டியோ நச்சரித்தோ ஒப்புக்கொள்ள வைத்திருக்கக் கூடாது. வழக்குத் தொடரப் போதிய முகாந்திரம் இருக்க வேண்டும். பையனும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞரான பிராசிக்யூட்டரும் இசைய வேண்டும். சிறு திருட்டு, கையில் கொஞ்சம் போதைப்பொருள் என்பவை, சட்டம் குற்றங்களைக் கனம் பார்த்துப் பிரித்திருக்கும் மூன்று அட்டவணைகளில் முதலாவதில் வரும். அவற்றுக்கு இது எளிதாகக் கிடைக்கும். கொலை, பாலியல் வன்முறை, ஆயுதம் காட்டிக் கொள்ளை என்றால் மூன்றாம் அட்டவணை. அங்கே விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான், அதுவும் மேல்மட்டப் பிராசிக்யூட்டர் எழுத்தில் அனுமதித்தால்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘செய்தேன்னு சொல்லிடு, ஒரு வகுப்போட முடிஞ்சிடும்’ என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது வழக்கம். செய்யாததைச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். பையன் தன் தவறால் திட்டத்தைப் பாதியில் விட்டால், பிராசிக்யூட்டர் வழக்கை மறுபடி நடத்தலாம். அன்று சொன்ன ஒப்புதலே அவனுக்கு எதிராகப் பதிவாகலாம். சந்தேகம் இருந்தால் அரசுச் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டுக்கு 0800 110 110-ல் பேசிவிட்டு, பிறகு தலையாட்டுங்கள். பிள்ளைகளுக்கு அங்கே லாயர் இலவசம்.

வகுப்பு எப்படி இருக்கும்? நாட்டில் இந்த வழியை வெட்டித் திறந்தது நைக்ரோ என்ற தொண்டு நிறுவனம். 1910-ல் கைதிகளுக்கு உதவும் சங்கமாகத் தொடங்கி, 1992-லிருந்து, அதாவது சட்டம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே, டைவர்ஷன் நடத்துகிறது. அதன் அச்சைத்தான் மற்றவர்களும் ஏறக்குறைய பின்பற்றுகிறார்கள்: வாழ்க்கைத் திறன் வகுப்பு, சமூகப் பணி, பாதிக்கப்பட்டவரோடு நேருக்கு நேர் பேச்சு, குடும்பக் கூட்டம், ஆபத்தில் ஆழமாக இறங்கிவிட்ட பையன்களுக்குக் காடு மலைப் பயணத்தோடு நடக்கும் நீண்ட திட்டம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது முதல் வகைக்கு. வாரத்தில் ஒரு பிற்பகல், 6 முதல் 8 வாரம், முதல் நாளும் கடைசி நாளும் பெற்றோரும் வர வேண்டும். பாடங்கள் தெரிந்தவைதான்: நான் யார், கோபம், முடிவெடுப்பது, சட்டம் என்ன சொல்கிறது, நண்பர் வற்புறுத்தினால் மறுப்பது எப்படி. நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் பையன் வாயைத் திறப்பான். கிடைக்காவிட்டால் தாளை நிரப்பிவிட்டு வருவான்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வழக்குக்கு இது போதும். கேங்குக்குப் போதாது. ‘மறுப்பது எப்படி’ என்ற பாடம், பையனை யாரோ வற்புறுத்திச் சேர்த்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. தெருமுனையில் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

எங்கள் பக்கத்தில் கேங் என்றால் கேப் டவுனின் அமெரிக்கன்ஸ், ஹார்ட் லிவிங்ஸ்போலப் பெயர் வைத்து எல்லை பிரித்து நிற்கும் பெரும் படை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு மெர்ச்சன்ட் (போதைப்பொருள் விற்பவன்), அவன் வீட்டைச் சுற்றி நாலைந்து லைட்டிகள் (சின்னப் பையன்கள்), அவ்வளவுதான். முதல் நாளே யாரும் யாரையும் வேலைக்கு எடுப்பதில்லை. ஒரு ஜோடி டேக்கி (கேன்வாஸ் ஷூ) வருகிறது. ஃபோனுக்கு ஏர்டைம், பசித்தால் ஒரு குவார்ட்டர் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது). பிறகு ‘சும்மா முனையில நில்லு, போலீஸ் வேன் வந்தா விசில் அடி’. அது குற்றம் என்று பையனுக்குத் தோன்றாது. அடுத்தது, ‘இத அந்த ஃப்ளாட்டுல கொடுத்துட்டு வா’. மூன்றாவது படி, ஒரு பொட்டலத்தை இரவு வீட்டில் வைத்திருப்பது. அம்மாவின் மளிகை அலமாரிக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால்கூட. என்றாவது ஒரு நாள் அந்தப் பொட்டலம் குறையும், அல்லது காணாமல் போகும். யாராவது திருடியிருக்கலாம், அவனே தொட்டிருக்கலாம், சில சமயம் கொடுத்தவனே ஆள் வைத்து எடுத்துவிடுவதும் உண்டு. அன்றிலிருந்து பையன் நண்பன் இல்லை, கடன்காரன்.

ஆகவே சேரும்போது அவனை இழுப்பது ஆசை, நிற்க வைப்பது கடன். பயிற்சியாளர் ஆசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். பையன் தலையைத் தொங்கப்போட்டபடி கடனைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான்.

சட்டத்தில் இதற்கு ஒரு பிடி இருக்கிறது, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பெரியவர் ஒருவர் பிள்ளையைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினாரா என்று கண்டறிவதும் ப்ரொபேஷன் ஆபீசரின் வேலைகளில் ஒன்று. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் குழந்தைகள் சட்டத்தின் 141-ஆம் பிரிவுப்படி அப்படிப் பயன்படுத்துவதே குற்றம். இதைக் கோர்ட் வராந்தாவில், பத்துப் பேர் காதில் விழ, சொல்லாதீர்கள். மெர்ச்சன்டின் ஆள் அந்த வராந்தாவிலேயே நின்றிருப்பான். அறைக்குள் போனபின், கதவு சாத்தியபின் சொல்லுங்கள். பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை லாயரோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘கடன் இருக்கிறது, வீட்டுக்குப் போகும் வழியில் பயம் இருக்கிறது’ என்ற இரண்டு விஷயம் அறிக்கையில் ஏறினாலே உத்தரவின் வடிவம் மாறும். வேறு பகுதியில் உள்ள நிலையத்துக்கு அனுப்பலாம். டோங்காட்டிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ இருக்கும் சித்தி வீட்டில் தங்கச் சொல்லலாம். குடும்பங்கள் பலவும் கடனைக் கட்டித் தீர்த்துவிடவே பார்க்கின்றன. அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் கட்டிய மறுநாளே இந்த வீட்டில் காசு புரளும் என்று மெர்ச்சன்டுக்குத் தெரிந்துவிடும், புதிதாக ஒரு கணக்கு முளைக்கும்.

இனி வகுப்பறைக்குள் எது கெடுகிறது என்று பார்க்கலாம்.

ஒன்று, கூட்டு. தப்புத்தண்டாவில் இறங்கிய பதினைந்து பையன்களை ஒரே அறையில் உட்கார வைத்தால், பாடத்தைவிட இடைவேளையில் அதிகம் கற்றுக்கொள்வார்கள். ஒருவன் பீலா விடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பே பரிசாகிவிடும். இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. பேவ்யூ பையனும் அவனுக்கு ஆகாத வெஸ்ட்கிளிஃப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால், வகுப்பு முடிந்தபின் டாக்சி ரேங்கில் என்ன நடக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஆகவே சேரும் முன் கேளுங்கள்: ஒரு குழுவில் எத்தனை பேர், யார் எந்தப் பகுதி என்று பார்த்துப் பிரிக்கிறார்களா, தனியாக உட்கார்ந்து பேசும் நேரம் உண்டா. எட்டுப் பேருக்கு மேல் இருந்து, தனிப்பேச்சும் இல்லையென்றால் வேறு இடம் கேட்பது நல்லது.

இரண்டு, சுகர்ஸ். 2000-களின் நடுவில் சாட்ஸ்வர்த்தைப் பிடித்த இந்த ஹெராயின் கலவையில் விழுந்த பையனுக்குக் கடைசியாக இழுத்த 6 முதல் 12 மணி நேரத்தில் உடம்பு கேட்க ஆரம்பிக்கும். வயிற்றுப் பிடிப்பு, வியர்வை, மூக்கு ஒழுகல், உட்கார முடியாத தவிப்பு. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். ஒரு வாரம் வரை நீளும். அந்த நிலையில் இரண்டு மணி நேரம் ‘முடிவெடுப்பது எப்படி’ என்று கேட்க யாராலும் முடியாது. எழுந்து போவான், ஆப்சென்ட் விழும், இரண்டு ஆப்சென்டில் கடிதம் கோர்ட்டுக்குப் போகும். கெட்ட பிள்ளை என்று எழுதுவார்கள், நோயாளி என்று எழுத மாட்டார்கள். பழக்கம் இருக்கிறதென்றால் அதை முதல் விசாரணையிலேயே சொல்லி, சிகிச்சையை முதலிலும் வகுப்பை அடுத்தும் வைக்கும்படி கேளுங்கள். மெதடோன், புப்ரெனார்ஃபின் என்று ஹெராயினுக்கு மருந்துகள் உண்டு. அறையில் பூட்டிவைத்து வெறுமனே தாங்கவைப்பது வைத்தியம் ஆகாது. விட்டு ஒரு வாரம் ஆனபின் பழைய அளவையே இழுத்தால் உயிரே போகலாம், ஏனென்றால் உடம்பின் தாங்கும் சக்தி அதற்குள் குறைந்திருக்கும்.

மூன்று, ஜெயில் காட்டுவது. வெஸ்ட்வில் போன்ற ஒரு சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளைவிட்டு மிரட்டவைத்தால் பையன் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை நம் பெரியவர்களுக்கு நிறைய உண்டு. அமெரிக்காவில் இதைப் பல இடங்களில் சோதித்துப் பார்த்தாயிற்று. போகாதவர்களைவிடப் போய்வந்தவர்கள் பின்னால் அதிகம் குற்றம் செய்தார்கள். உங்கள் நிலையத்தின் அட்டவணையில் இப்படி ஒரு நாள் இருந்தால் அன்று அனுப்ப வேண்டாம்.

பாடத்திட்டமே வீண் என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸில் (நம் ஃபீனிக்ஸ் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்) 1991-ல் தொடங்கிய ‘கிரேட்’ என்ற பள்ளிப் பாடத்தைப் பாருங்கள். முதல் வடிவத்தை அளந்தபோது கேங்கில் சேர்வதை அது தடுக்கவில்லை. உபதேசத்தைக் குறைத்து, பையன்களே செய்துபார்க்கும் பயிற்சிகளைக் கூட்டி, 13 பாடமாகத் திருத்தி எழுதினார்கள். அதை அளந்தபோது, ஓராண்டு கழித்து, கேங்கில் சேரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்திருந்தது. நான்காண்டுக் கணக்கில் அது 24 சதவீதம். ஆனால் அது இன்னும் சேராத பிள்ளைகளுக்கான பாடம். சேர்ந்து, பிடிபட்டு, கோர்ட் ஏறியவனுக்கு அதே மாதிரிப் பாடத்தைக் கொடுப்பது, காய்ச்சல் வந்தபின் தடுப்பூசி போடுவது மாதிரி.

நான்கு, நேரம். எங்கள் கணக்கில் இதுதான் பெரிய ஓட்டை. பள்ளிக்கூடம் இரண்டு, இரண்டரைக்கு விடுகிறது. அம்மா வேலையிலிருந்து திரும்ப ஆறாகும். அந்த மூன்றரை மணி நேரம் வாரத்தில் ஐந்து நாள். வகுப்போ வாரத்தில் ஒரு பிற்பகல். மற்ற நான்கு பிற்பகலும் முனை அவனுக்குத் திறந்தே இருக்கிறது. இளசுகளுக்கு ஒதுங்க இடமில்லாத ஊர் இது என்பது புதிய புகார் இல்லை. 2000 மார்ச்சில், பள்ளி விடுமுறை தொடங்கிய நாளில், சாட்ஸ்வர்த்தின் த்ராப் டிஸ்கோவுக்குள் கண்ணீர்ப்புகை வீசப்பட்டு, நெரிசலில் 13 பிள்ளைகள் செத்தார்கள். நெல்சன் மண்டேலா பெயரில் இங்கே இளைஞர் மையம் எழும்பியது அந்தச் சாவுக்குப் பிறகுதான். வகுப்பு கொடுக்கும் நிலையம் மீதி நான்கு நாளுக்கு இப்படி ஒரு மையத்திலோ, கால்பந்துக் குழுவிலோ, ஒர்க்‌ஷாப்பிலோ பேர் பதிந்து தருகிறதா என்று கேளுங்கள். தருமென்றால் எங்கள் 2 மதிப்பெண்ணை 3 ஆக்கிக்கொள்ளலாம்.

வெளியேறுவது பற்றி வகுப்பில் அதிகம் சொல்வதில்லை. அதனால் பையன்கள் சினிமாவில் பார்த்ததை நம்புகிறார்கள்: ரத்தம் சிந்தி உள்ளே போனால், ரத்தம் சிந்தித்தான் வெளியே வர முடியும் என்று. அமெரிக்காவின் ரோச்செஸ்டர், டென்வர் போன்ற ஊர்களில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கேங்கில் சேர்ந்த பையன்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள், மிஞ்சினால் இரண்டாண்டுக்குள் விலகிவிட்டார்கள். அறிவித்துவிட்டுப் போனவர்கள் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக முனைக்கு வராமல் நின்றவர்களே அதிகம். நண்பன் குத்துப்பட்டான், கூட இருந்தவனே காட்டிக்கொடுத்தான், குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது: காரணங்கள் இப்படித்தான் வருகின்றன. சிறைக்குள் இருக்கும் 26, 27, 28 என்ற நம்பர் கேங்குகள் வேறு சாதி. அங்கே உறுப்பினர் என்றால் ஆயுளுக்கும் என்பது அவர்கள் சட்டம். தெருமுனைப் பையனை அங்கே போகவிடாமல் தடுப்பதற்காகவே டைவர்ஷனை மதிக்க வேண்டும். ரிமாண்டில் ஒரு மாதம் கழித்தவன் முனையைவிடப் பெரிய இடத்தில் சேர்ந்துகொண்டு வருவான்.

மெல்ல விலகுவதற்குப் பையனுக்கு ஒரு சாக்கு வேண்டும், முகம் கோணாத சாக்கு. ‘அம்மா திட்டுறாங்க’ என்றால் சிரிப்பார்கள். காவடிக்கு விரதம் என்றால் யாரும் சிரிப்பதில்லை. மெர்ச்சன்ட் வீட்டிலேயே புரட்டாசியில் கறி சமைப்பதில்லையே! பத்து நாள் விரதம், அதைத் தொட்டுக் கோயிலில் பந்தல் வேலை, பிறகு புரட்டாசி, இப்படி நாட்களைக் கோத்துக்கொண்டே போய் மூன்று மாதம் முனைக்கு வராமல் இருக்க முடிகிறது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் வீடுகளில் ஞானஸ்நான வகுப்பு இதே வேலையைச் செய்கிறது. பாடம் நடத்துபவர்கள் இதைக் கேலியாகப் பார்க்காமல் அட்டவணையில் சேர்த்தால் நன்றாக இருக்கும். சாமி திருத்துகிறதா இல்லையா என்பது வேறு விவாதம், சாக்கு மட்டும் உறுதியாக வேலை செய்கிறது.

கையில், கழுத்தில் பச்சை குத்தியிருந்தால் அவசரப்பட்டு அழிக்க ஓடாதீர்கள். ஊசியும் மையும் வைத்து வீட்டில் குத்தியது, கடைப் பச்சையைவிடச் சீக்கிரம் லேசரில் போகும். ஆனாலும் ஆறேழு வார இடைவெளியில் நான்கைந்து தடவை உட்கார வேண்டும். நம் நிறத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர்தான் பொருத்தம். வேறு வகையில் தோல் வெளுத்துத் திட்டாகிவிடும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆசிட், சூடு, மணல் காகிதம் என்று வீட்டு வைத்தியம் வேண்டவே வேண்டாம். இதோடு இன்னொன்று: பச்சை மறைவது முனைக்குக் கொடுக்கும் அறிவிப்பு. மெல்ல விலகி முடித்தபின் செய்ய வேண்டிய வேலை அது.

சேர்வதற்கு முன் சரிபார்க்க இன்னும் சில. நிலையத்துக்கும் அது நடத்தும் திட்டத்துக்கும் சமூக மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு அதிகபட்சம் 4 ஆண்டுதான் ஆயுள், தேதியைப் பாருங்கள். வகுப்பு பள்ளி நேரத்தில் விழக்கூடாது என்பது சட்டம். டாக்சிக்குக் காசில்லை என்றால் முடிந்தவரை ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பதும் சட்டம், வெட்கப்படாமல் கேளுங்கள். உத்தரவு எத்தனை மாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்: முதல் நிலை (முதல் அட்டவணைக் குற்றத்துக்கானது) என்றால் 14 வயதுக்குக் கீழே 12 மாதத்தையும், அதற்கு மேலே 24 மாதத்தையும் தாண்டக் கூடாது. மற்ற அட்டவணைகளுக்கான இரண்டாம் நிலைக்கு அது 24, 48 மாதம். காய்ச்சலால் வர முடியாத நாளுக்குக் கிளினிக் சீட்டை அன்றே கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆர்.கே. கான் மருத்துவமனைச் சீட்டு மூன்று வாரம் கழித்துக் கொடுத்தால் சாக்குப்போக்காகத்தான் தெரியும்.

முடித்ததற்கான கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பையன் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கிழித்துப் போடுகிற வயது அது. முழுதாக முடித்த டைவர்ஷன் தண்டனை ஆகாது. நாளை வேலை விண்ணப்பத்தில் ‘குற்றவாளி எனத் தீர்ப்பு உண்டா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று எழுதலாம். டைவர்ஷன் ஆனவர்கள் பெயர் துறையின் பதிவேட்டில் இருக்கும். இடையில் வேறு வழக்கில் தண்டனை இல்லாமல், உத்தரவையும் மீறாமல் இருந்தால், 21 வயது ஆகும் நாளில் அந்தப் பதிவையும் அழித்துவிட வேண்டும். அந்தப் பிறந்தநாள் கழிந்த வாரம், கடித நகலோடு போய் அழித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.